பிணம் நுழையாத அறையின் மெட்டு

என் அருமை மகனுக்கு,

நேற்று பத்து மணிப் பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, “இன்னமும் அதெல்லாம் வாசிக்கிறாங்களாப்பா?” என்று போனில் சிரிக்கிற ஆள் நீ. வாசிக்கிறார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். சாமியார் பிரசங்கத்தை முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உன் பெயரையும் என் பெயரையும், ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் பெயரையும் அவள் அப்பாவின் பெயரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். வழக்கம்போல கடைசியில், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி முடித்தார். எத்தனையோ பேருக்கு வாசிக்கக் கேட்டிருக்கிறேன், அந்த வரி காதில் ஏறியதே இல்லை. நேற்று ஏறியது. உன்னைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். உன்னைப் பற்றி இதே கோவிலில் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்று தோன்றியது.

அந்தப் பொய்யை எடுத்துவிட்டு உன்னைக் கல்யாணத்துக்கு அனுப்ப வேண்டும். நாற்பது பேருக்கு முன்னால் சொன்ன பொய்க்கு, ஒட்டிய கவரில் மன்னிப்புக் கேட்பது நியாயமில்லை. அதனால் இதைத் தபாலில் சேர்க்காமல், கோவிலில் அச்சடித்துக் கொடுக்கிற நம் பங்கு மடலில் போடச் சொல்லியிருக்கிறேன். மடலைத் தொகுக்கிறது நம் அருள்மேரிதான். பாடகர் குழுவில் என்னோடு இருபத்தைந்து வருஷமாகப் பாடுகிறவள், உனக்கு அருளக்கா. ஒரு பக்கம் வேண்டும் என்றேன். “எழுதுங்கண்ணே, பாத்துக்கலாம்” என்றாள். ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது.

நம் இரண்டு பேருக்கும் சினிமாவிலும் கேமிலும் எழுந்து நடக்கிற பிணங்களோடு உள்ள பழக்கம் நீ நினைப்பதைவிடப் பழையது. உனக்கு ஒன்பது வயது. அம்மா நத்தத்துக்கு அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். போஸ்டரில் இருந்த பல்லையும் நகத்தையும் பார்த்து ஏதோ மிருகப் படம் என்று நினைத்து உன்னை மேட்னிக்குக் கூட்டிப்போனேன். தமிழில் குரல் கொடுத்த இங்கிலீஷ் படம். உள்ளே போனால் செத்தவர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒரு பெரிய கடைக்குள் நாலு பேர் ஒளிந்திருப்பார்கள், கண்ணாடிக்கு வெளியே பிணங்கள் மொய்க்கும், கடையில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் மட்டும் கல்யாண வீட்டில் போடுகிற மாதிரி ஒரு குஷியான பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சையெல்லாம் தமிழாக்கியவர்கள் அந்தப் பாட்டை அப்படியே விட்டிருந்தார்கள். பிணத்தைப் பார்த்து விசிலடித்த தியேட்டர் அந்தப் பாட்டு வந்ததும் கப்சிப் ஆனது. நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பாட்ட நிப்பாட்டச் சொல்லுப்பா” என்றாய். பிணத்தை அல்ல, பாட்டை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சாமி படம் பார்த்தோம் என்று சொல்லிவிட்டேன். செத்தவர்கள் உயிர்த்தெழுந்த அளவில் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். சின்னப் பொய்களில் எனக்கு எப்போதும் கைத்தேர்ச்சி உண்டு.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வேடசந்தூர் மில்லில் டைம்கீப்பராக இருந்துகொண்டு, ஞாயிறு தவறாமல் கோவிலில் ஆர்மோனியம் வாசித்தேன். அடுத்தவர் போட்ட மெட்டைப் பிசகில்லாமல் வாசிப்பேன், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு மெட்டு, நாலு வரிக்கு, எனக்கு வரவே வரவில்லை. மில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ நாள் முனகிப் பார்த்திருக்கிறேன். எப்படி ஆரம்பித்தாலும் மூன்றாவது வரியில் ஏற்கனவே இருக்கிற ஏதாவது பாட்டில் போய் முட்டிக்கொள்ளும். நீ பத்து வயதில் கீபோர்டில் கை வைத்து, கேட்டதையெல்லாம் திருப்பி வாசித்தபோது, எனக்கு வராதது இவனுக்கு வரும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் படிப்புக்கென்று வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அடுத்த மாதமே மதுரையிலிருந்து உன் சித்தி மகன் ஒரு கேம் சி.டி. கொண்டுவந்து கொடுத்தான். பெரிய பங்களா, அறைக்கு அறை பிணம், நீ துப்பாக்கியோடு சுற்றிக்கொண்டிருப்பாய். “ஏலே, இதப் பாத்துத்தான் படிப்பு ஏறப்போகுதா?” என்று கத்திவிட்டுப் போவேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன், உள்ளே கீபோர்டில் ஒரு மெட்டு. இடது கையில் நாலே நாலு சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. வலது கை மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, வந்து சேர வேண்டிய இடத்துக்கு ஒரு படி முன்னால் நின்று, மறுபடி மேலே போகிறது. டிபன் கேரியரும் கையுமாக வாசலிலேயே நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்போடு உள்ளே வந்ததற்கு அம்மா சத்தம் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

“அப்பு, என்னது இது?” என்று கேட்டேன்.

“சும்மாப்பா. அந்தக் கேம்ல வரும்.”

“கேம்லயா? அதுல டமால் டுமீல்னுதான கேக்கும்?”

“ஒரு ரூம் இருக்குப்பா. அதுக்குள்ள போயிட்டா பொணம் எதுவும் வராது. செத்த நேரம் உக்காந்து, மருந்து எடுத்துக்கிட்டு, அதுவரைக்கும் ஆடுனத சேவ் பண்ணிட்டுப் போகலாம். அங்க இருக்கிற வரைக்கும் இது ஓடும்.”

நீ சொன்னது காதில் விழுந்தது. ஆனால் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கேயோ ஒரு பொறியைக் கேட்டிருக்கிறான், மீதியை இவன் போட்டிருக்கிறான், எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று. திங்கட்கிழமையே மில் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, வருகை ரிஜிஸ்டருக்கு அடியில் தாளை வைத்து, “உறங்கும் எம்மவர்க்கு ஒளி தாரும், ஒருபோதும் மங்காத ஒளி தாரும்” என்று பாட்டெழுதினேன். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பாட்டைக் காட்டியபோது, “அப்பா, அது அப்படியே அவங்க மெட்டுதான்பா, நான் எதையும் மாத்தல” என்றாய். “பேசாம வாசி, தன்னடக்கம் போதும்” என்றேன். ஒத்திகைக்கு சைக்கிளில் போகும்போது பின்னாலிருந்து மூன்றாம் தடவையாக, “நான் போட்டதுன்னு மட்டும் சொல்லிராதீங்கப்பா” என்றாய். நான் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தேன். மகனே, இந்த இடத்தை நான் எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்தாலும் தப்பிக்க வழியில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. போய் இறங்கியதும் குழுவைக் கூட்டி வைத்து, “இது என் மகன் போட்ட மெட்டு” என்றேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம், கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனையும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வர, நாம் ஆரம்பித்தோம். முதல் சரணத்துக்கே பெண்கள் பக்கம் அழுகை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பத்து நிமிஷம் வந்ததில்லை. இரண்டாம் சரணத்தில் சுவரோரமாக நின்ற கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒரு காலை இழுத்து இழுத்து, கழுத்தைச் சாய்த்துக் கல்லறைகளுக்கு நடுவில் நடந்து காட்டினான். “டேய், ஜாம்பி பாட்டுடா!” என்று ஒரு குரல். சிரிப்பு அப்படியே பரவியது. நான் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. காதெல்லாம் சிவந்துபோய், கடைசி வரி வரை வாசித்து முடித்தாய். அழுதுகொண்டிருந்தவர்களுக்காக வாசித்தாய் என்று இப்போது புரிகிறது. அன்று, பிடிவாதம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்வி அறையில் கூட்டம். பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர், “உயிர்த்தெழுதலப் பொணக் கூத்தாக்கிட்டீங்களேய்யா” என்று கொதித்தார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவர் மனைவியை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகவில்லை. சாமியார் மட்டும் அமைதியாக, “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றால் ஆர்மோனியத்தை விட்டு இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்ற ஒரே பயம்தான் மனதில் இருந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. தானே போட்டதுன்னு சொல்லி என்னைய ஏமாத்திட்டான்” என்றேன். நீ கடைசி பெஞ்சில் இருந்தாய். மூன்று தடவை சொன்னேனே என்று நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேசவில்லை. எழுந்து வந்து சாமியாரிடம் மன்னிப்புக் கேட்டாய், அத்தனை பேரும் பார்க்க. என் பதவி நிலைத்தது. நீ அதற்குப் பிறகு நம் கோவிலில் கீபோர்டைத் தொட்டதில்லை.

மறுநாள் ஒரு அம்மா வீடு தேடி வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் புருஷனைப் புதைத்தவர்கள். “அந்தப் பாட்ட மறுக்கா எப்பப் பாடுவீங்க? அதக் கேக்கையில அவுக எங்கயோ பத்திரமா உக்காந்திருக்காகன்னு இருந்துச்சு” என்றார்கள். நீ அந்த அறையைப் பற்றிச் சொன்னதும் அதுதானே. எந்த விளக்கமும் இல்லாமல் அந்த அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது. இனி பாட மாட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். உன்னிடம் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் உனக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்கும், அதையும் நான் அமுக்கிவிட்டேன்.

நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாய், பிறகு பெங்களூர். போன வருஷம் போனில், “செல்போன் கேம் கம்பெனியில சேந்திருக்கேன்பா. பொணம் நடந்து வர்றதுக்கு மெட்டு போடணும்” என்றாய். அம்மா போனைப் பிடுங்கி, “அம்புட்டு படிப்பும் படிச்சு இந்த வேலையாடா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்திருக்கிற பிணத்துக்கு நான் முப்பது வருஷம் வாசித்தேன், நடக்கிற பிணத்துக்கு நீ வாசிக்கப்போகிறாய் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. அதனால், “சாப்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு நேரே பேகம்பூருக்குப் போனேன். அங்கே ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார், நல்ல மனுஷன். “பாய், பொணம் எந்திரிச்சு வர்ற கேம் பாட்டெல்லாம் கேக்கணும்” என்றேன். என் நரையை ஒரு தடவை பார்த்தார். “எந்தக் கேமு சார்? அதுல நூறு இருக்கே.” எல்லாவற்றையும் போடச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கேட்டேன். ஒன்றில் பாட்டே இல்லை, எங்கள் மில்லில் ஸ்பின்னிங் பக்கம் போனால் கேட்கிற ஒரே இரைச்சல், ஆனால் அது நிற்கும்போதுதான் குலை நடுங்குகிறது. ஒன்றில் ஆர்கனும் கோரஸும்! சுத்தமான நாலு குரல் பிரித்துப் பாடுகிறார்கள், அதற்குப் பிணம் ஓடி வருகிறது. எனக்கு வந்த கோபத்தில் ஹெட்போனைக் கழற்றி, “எங்க ஆளுங்களையா பாய் இதுக்குக் கூப்பிட்டாங்க?” என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொன்றில் ஊரே பற்றி எரிகிறது, வண்டியில் தப்பிப் போகிறவர்கள் ரேடியோவில் ஜாலியாக ஒரு கிடார் பாட்டு ஓடுகிறது. நாம் பார்த்த மேட்னி ஞாபகம் வந்தது. பயத்தில் இருக்கிறவன் காதில் எதைப் போட வேண்டும் என்று இவர்கள் ரொம்ப யோசித்திருக்கிறார்கள். நான் கோவிலில் ஒரு நாளாவது அப்படி யோசித்தேனா என்று தெரியவில்லை.

கடைசியில் கூச்சத்தை விட்டு அந்த மெட்டை முனகிக் காட்டினேன். இரண்டாவது வரி வருவதற்குள், “அட, சேவ் ரூம் பாட்டு! மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்” என்று போட்டுவிட்டார். பேகம்பூர் பாய்க்குத் தெரிந்திருக்கிறது, திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது, என் மகன் போட்ட மெட்டு என்று நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். மூன்று தடவை கேட்டேன். நீ ஒரு சுரம் மாற்றவில்லை. பெயர் தெரியாத யாரோ, நமக்குத் தெரியாத ஒரு ஊரில் உட்கார்ந்து, பயந்தவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று போட்ட மெட்டு அது. அவரிடமும் நான் கேட்காமல் எடுத்திருக்கிறேன். உன் பெயரில் எடுத்தேன்.

நிச்சயதார்த்தம் முடிந்து சாப்பிடும்போது மருமகள் என் பக்கத்தில் வந்து, “ஏனுங்க மாமா, இவரு உங்க கோயில்ல வாசிக்கறதே இல்லைங்களா?” என்று கேட்டாள். “அவனுக்கு எங்கம்மா நேரம்?” என்றேன். வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம் நான் சொன்ன முதல் வாக்கியம் பொய். அன்றிலிருந்தே இந்தக் கடிதம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகிறவனுக்குப் புத்தி சொல்வது அப்பன் கடமை, அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவள் ஒன்றை மூன்று தடவை சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே. முதல் தடவையே கேள். உனக்குப் பிடித்த பதில் வேறாக இருந்தாலும் கேள். தப்புச் செய்தால் செய்த இடத்திலேயே, ஆட்கள் கலைவதற்குள் சொல்லிவிடு. எட்டு வருஷம் கழித்துச் சொல்வது எப்படி இருக்கிறது என்று உன் அப்பனைப் பார்த்துத் தெரிந்துகொள். ஆகவே, இதைப் படிக்கிற எல்லாருக்கும்: என் மகன் என்னை ஏமாற்றவில்லை. மூன்று தடவை சொன்னான். நான்தான் உங்களை ஏமாற்றினேன்.

இனி எழுதுவது இன்று சாயங்காலம். மேலே உள்ளதை முடித்து அருள்மேரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஆரம்பித்தவள், கல்லறைத் தோட்டம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, இது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமே” என்றாள்.

“எது தெரியும்?”

“அது கேம் பாட்டுன்னு. மொத நாள் ஒத்திகையில நீங்க மைக் ரூம் சாவி வச்சிருந்த கோயில்பிள்ளையத் தேடிப் போனீங்கள்ல, அப்பவே எங்ககிட்ட சொல்லிட்டான். ‘நான் போட்டதில்லக்கா, கேம்ல வர்றது’ன்னு.”

“அப்புறம் ஏம்மா ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?”

“நான் சொல்றேன்னுதான் கெளம்புனேன். அவந்தான் கையப் பிடிச்சுக்கிட்டான். ‘அப்பா இம்புட்டுச் சந்தோசமா இருந்து நான் பாத்ததே இல்லக்கா, பாடிருங்க’ன்னான். நல்ல பாட்டுதானன்னு நாங்களும் பாடிட்டோம்.”

அவளே தொடர்ந்தாள். “அந்தக் கூட்டத்துல நீங்க அப்பிடிச் சொன்னதும் பாட்டுக் குழுவுல நாங்க நாலு பேரும் எந்திரிச்சோம்ணே. நீங்க முன்னாடி பாத்து நின்னதுனால ஒங்களுக்குத் தெரியாது. அவன் கடைசி பெஞ்சுல இருந்து எங்களப் பாத்து வேண்டாம்னு தலைய ஆட்டுனான். உக்காந்துட்டோம்.”

என் தங்கமே, உனக்கு அப்போது பதினாறு வயது. வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தையும் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் தோசை கேட்டாய். இத்தனை வருஷமும், ஏதோ பெரிய மனது பண்ணி நான்தான் உன்னை மன்னித்துவிட்டது மாதிரி இந்த வீட்டில் நடமாடியிருக்கிறேன். அருள்மேரி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தாளை என் பக்கம் நீட்டினாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. இத எதுக்குண்ணே அச்சுல போட்டுக்கிட்டு? அவனே கேட்டா வேண்டாம்பான்.”

“வேண்டாம்னுதாம்மா சொல்லுவான்” என்றேன். “அவன் என்னையக் காப்பாத்துனது போதும். போடு.”

உன் அப்பா